கரண்டிப் பால்

சந்தேகப்படுவதில் பஞ்சலிங்கத்தை மிஞ்ச நீர்வேலியில் ஆளில்லை. வாழைக்குலை வாங்க வருகிற வியாபாரி வழக்கத்தைவிட இரண்டு சொல் அன்பாகக் கதைத்துவிட்டால், தராசின் அடித்தட்டைத் தடவிப் பார்ப்பார். சங்கக்கடைக்கு மண்ணெண்ணெய் வந்திருக்கிறது என்று யாராவது வேலிக்கு மேலால் சொன்னால், இதைச் சொல்வதில் சொல்கிறவனுக்கு என்ன லாபம் என்று யோசித்து முடித்த பிறகுதான் போத்தலைத் தேடுவார். அவர் யோசித்து முடிக்கும்போது மண்ணெண்ணெயும் முடிந்திருக்கும். “பாத்தியே, எனக்கு அப்பவே தெரியும்” என்று மனைவி குணலட்சுமியிடம் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போவார்.

அப்படிப்பட்டவரின் படலையைத் திறந்துகொண்டு, தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மாரி தொடங்குகிற நேரத்தில், உடுவிலில் இருந்து ஒரு வயதான மிஸி சைக்கிளில் வந்து இறங்கினார். வெள்ளைச் சேலை, கழுத்தில் மெல்லிய சங்கிலி, நெற்றியில் ஒன்றுமில்லை. சுகிர்தம் என்று பெயர் சொன்னார். ஆஸ்பத்திரியில் தாதி வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். ஆஸ்பத்திரி டொக்ரர் சொல்லித்தான் வந்தாராம்.

“பிள்ளை எங்கை?” என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினார்.

பிள்ளை, யன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தாள். நகுலாவுக்கு ஒன்பது வயது. தொடை எலும்பில் தொடங்கிய புற்றுநோய் நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்றும், கிளாலிக் கடல் தாண்டிக் கொழும்புக்குக் கொண்டுபோனாலும் இனிப் பிரயோசனம் இல்லை என்றும் டொக்ரர் சொல்லியிருந்தார். “வீட்டிலை வைச்சு நல்லாப் பாருங்கோ” என்பதுதான் கடைசியாகக் கிடைத்த வைத்தியம். கால் தொடையில் பூசணிக்காய் அளவு வீங்கி மினுங்கியது. போர்வை பட்டாலே பிள்ளை பல்லைக் கடித்தாள். குண்டுபோடும் விமானச் சத்தம் கேட்டால் ஊரே பங்கருக்குள் இறங்கும். இவளைத் தூக்கினால் வருகிற அலறலைத் தாங்க முடியாமல், தகப்பனும் தாயும் பங்கருக்குப் போகாமல் அவளுடைய கட்டிலுக்குக் கீழே இருந்து பழகிவிட்டார்கள்.

மிஸி பிள்ளையின் காலைத் தொடவில்லை. கையைத்தான் பிடித்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடினார். பஞ்சலிங்கம் அதைக் கவனித்தார். செபம் செய்கிறாளா? இதுதான் வந்த விசயமா?

வெளியே வந்ததும் மிஸி ஒரு மண்ணிறப் போத்தலை எடுத்தார். “இது நோ குறைக்கிற மருந்து. நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்காக் குடுக்கவேணும். நோ வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கப்படாது, வரமுன்னம் குடுக்கவேணும். சரியான கைப்பு. பாலிலை கலந்து கரண்டியாலை கொஞ்சம் கொஞ்சமாப் பருக்கிவிடுங்கோ, தங்கச்சி.” பிறகு பையில் இருந்து ஒரு கடதாசிச் சுருளையும் எடுத்துக் குணலட்சுமியிடம் நீட்டினார். “கொஞ்சச் சீனி. போட்டுக் கலக்குங்கோ.”

சீனி! பொருளாதாரத் தடையில் ஊரே பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடிக்கிற காலத்தில், முன்பின் தெரியாத வீட்டுக்குச் சீனி கொண்டுவருகிற மனுசி யார்?

“பிள்ளைக்கு என்ன சொல்லியிருக்கிறியள்?” என்று மிஸி கேட்டார்.

“கால் மாறும், தைக்குப் பிறகு பள்ளிக்கூடம் போகலாம் எண்டு.”

“நம்புறாவோ?”

“சின்னப் பிள்ளைதானே.”

மிஸி ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, சொல்லாமல் சைக்கிளில் ஏறினார். அந்தச் சொல்லாமல் விட்டதைத்தான் பஞ்சலிங்கம் அன்று முழுக்க மென்றுகொண்டிருந்தார்.

பக்கத்து வளவு ஆழ்வாப்பிள்ளை, ரயில் நின்றுபோன ஊரில் நேரம் போகாமல் தவிக்கிற பழைய ஸ்ரேசன் கிளாக்கர். அடுத்த நாள் பின்னேரம், தேங்காய்ப் பொச்சுமட்டை கேட்கிற சாட்டில் வேலிப் பொட்டால் நுழைந்து வந்தார். நகுலாவின் யன்னலுக்குப் பக்கத்து நிழலில் இருவரும் குந்தினார்கள். உள்ளே சத்தமில்லை, பிள்ளை நித்திரை என்று நினைத்தார்கள்.

“என்ன பஞ்சன், வெள்ளைச் சீலை ஒண்டு சைக்கிளிலை வந்து போகுது?”

“மிஸி, அண்ணை. மருந்து கொண்டுவாறா.”

“என்ன மருந்தாம்?”

“மோர்பினாம்.”

ஆழ்வாப்பிள்ளை வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தகவலுக்கு ஏற்ற முகத்தை எடுத்துக்கொண்டார். “மோர்பின்! காயப்பட்டு வாற இயக்கப் பெடியளுக்கே அது இல்லை எண்டு கேள்வி. உனக்கு மட்டும் வீடு தேடி வருதோ? வலு விசேசம்தான்.”

“அப்ப?”

“ரண்டிலை ஒண்டு. ஒண்டு, அது வெறும் தண்ணி. உண்மையானது வேறை எங்கையோ போகுது, கணக்குக்கு உன்ரை வீட்டைக் காட்டுகினம். மற்றது…”

“மற்றது?”

“அதை விடு, வாயாலை சொல்லப்படாது.”

“தொடங்கிப்போட்டியள். சொல்லுங்கோ அண்ணை.”

“கைவிட்ட கேசுகளை உப்பிடித்தான் நித்திரையாக்கி விடுறவையாம். வெளிநாட்டிலை. நோகாமல் போயிடும், ஆஸ்பத்திரிக்கும் ஒரு கட்டில் மிச்சம்.”

“இது என்ரை கட்டிலண்ணை.”

“நான் ஒரு கதைக்குச் சொன்னன், பஞ்சன். உடனை பிடிச்சுக்கொள்ளுறாய்” என்று ஆழ்வாப்பிள்ளை மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பஞ்சலிங்கம் நேரே உள்ளே போய்ப் போத்தலின் மூடியைத் திறந்தார். மணந்து பார்த்தார். விரலில் ஒரு துளி விட்டு நாக்கில் வைத்தார். வேப்பெண்ணெயைத் தோற்கடிக்கிற கைப்பு. தண்ணீர் இல்லை என்று நெஞ்சு ஆறியது. ஆறிய கையோடு, அப்படியென்றால் இரண்டில் மற்றது என்ற நினைப்பு வந்து, ஆறினது எல்லாம் திரும்பக் கொதித்தது.

ஆனால் பிள்ளை நித்திரையாகவும் இல்லை. அதுதான் அவருக்குப் புரியவில்லை. மருந்து தொடங்கி நாள்கள் போயும் நோ ஒரு பிடியும் தளரவில்லை. குணலட்சுமி நேரம் தவறாமல் ஆட்டுப்பாலில் மருந்தைக் கலந்து, சீனி போட்டு, கரண்டி கரண்டியாக விட்டாள். பிள்ளை சொன்னபடி வாயைத் திறந்தாள். மருந்து குறைந்தது, அழுகை குறையவில்லை. அழுகைகூட இல்லை அது. மூச்சோடு சேர்ந்து வருகிற ஒரு முனகல், தண்ணி இறைக்கிற மெசின் தூரத்தில் ஓடுவதுபோல. “உந்த எறும்புப் பட்டாளம் எங்கையிருந்து வருகுதோ” என்று குணலட்சுமி யன்னல் கட்டைக்குச் சாம்பல் தூவினாள். சீனி ஆசைக்கு எறும்பு வராதா என்று அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மிஸி திரும்ப வந்தபோது, பிள்ளையைப் பார்த்த உடனேயே முகம் மாறியது. பையில் இருந்து ரோச் லைற்றை எடுத்து நகுலாவின் கண்ணுக்குள் அடித்தார். ஒருதரம், பிறகு மற்றக் கண். பிறகு போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.

“கொஞ்சம் வெளியிலை வாங்கோ ரண்டு பேரும்.”

வெளியே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இந்த மருந்து குடிச்ச ஆளின்ரை கண்மணி குண்டூசித் தலை மாதிரிச் சின்னனாப் போகும். உங்கடை பிள்ளையின்ரை கண் என்ரை கண் மாதிரிக் கிடக்கு. போத்திலிலை மருந்து குறைஞ்சிருக்கு, பிள்ளைக்குள்ளை போகேல்லை. வீட்டுக்கு ஆர் ஆர் வந்து போகினம்?”

குணலட்சுமிக்கு முகம் சிவந்தது. “என்ன மிஸி, பெத்த பிள்ளைக்குத் தாற மருந்தை நாங்கள் விக்கிறம் எண்டோ சொல்லுறியள்?”

“நான் அப்பிடிச் சொல்லேல்லை, தங்கச்சி.”

“சொன்ன மாதிரித்தான். நேரம் தவறாமல் என்ரை கையாலை விடுறன் நான்!”

“தண்ணியைக் கொண்டுவந்து தந்துபோட்டு எங்களைக் கள்ளராக்கிறியளோ?” என்று பஞ்சலிங்கம் பாய்ந்தார். தண்ணீர் இல்லை என்று நாக்குக்குத் தெரியும். இருந்தும் வாய் அதைத்தான் சொன்னது.

மிஸி கோபப்படவில்லை. களைத்துப்போன முகத்தோடு சைக்கிள் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “தம்பி, இதே மருந்தைக் கைதடியிலை ஒரு பிள்ளைக்கும் குடுக்கிறன். அந்தப் பிள்ளை இப்ப எழும்பியிருந்து தாயம் விளையாடுது. டொக்ரர் எவ்வளவு பாடுபட்டு இதை எடுத்துத் தாறார் எண்டு எனக்குத்தான் தெரியும். நாளைக்கு வருவன். அதுக்கிடையிலை மருந்து எங்கை போகுது எண்டு பாருங்கோ. பிள்ளைக்குப் போகாத மருந்தை நான் இஞ்சை வைச்சிருக்கேலாது. கொண்டுபோய் நோகிற இன்னொரு பிள்ளைக்குத்தான் குடுக்கவேணும்.”

அவர் போன பிறகு வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பஞ்சலிங்கம் மெதுவாகத் தொடங்கினார்.

“இஞ்சேர், உண்மையைச் சொல்லு. பயத்திலை நீதான் ஊத்திறியோ?”

“நானோ? மூடியைத் திறந்து மணந்து பாத்தது ஆர்? நான் குசினி அடுப்படியிலை நிண்டு கண்டனான். ஆழ்வாப்பிள்ளையண்ணை வந்து குசுகுசுத்துப்போட்டுப் போன அண்டைக்கு.”

“மணந்தாப்போலை குறையுமோ?”

“அப்ப நான் விட்டாப்போலை குறையுமோ?”

நாளைக்கு மருந்து திரும்பிப் போய்விடும். வேலை செய்யாத மருந்து போனால் என்ன என்று பஞ்சலிங்கம் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். சரிவரவில்லை. கைதடியில் ஒரு பிள்ளை எழும்பியிருந்து தாயம் விளையாடுகிறது என்ற கதை நெஞ்சில் முள்ளாக நின்றது. பொய்யாக இருக்கலாம். உண்மையாக இருந்தால்?

மறுநாள் மத்தியானம் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, தோட்டத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். வாழைகளுக்குள் மறைந்ததும் வேலியோரமாகத் திரும்பி வந்து, நகுலாவின் யன்னலுக்குக் கீழே குரோட்டன் பற்றைக்குள் குந்திக்கொண்டார். சொந்த வீட்டில் கள்ளனைப்போல ஒளிந்திருக்கிற வெட்கம் ஒருபுறம். காலில் எறும்பு ஏறியது. பார்த்தால், யன்னல் கட்டையில் இருந்து சுவரில் ஒரு சிவப்புக் கோடுபோல இறங்கி, பற்றையின் அடியில் கூட்டமாக மொய்த்துக்கொண்டிருந்தது.

உள்ளே குணலட்சுமியின் குரல் கேட்டது. “ஆ காட்டு, என்ரை குஞ்செல்லே. இன்னும் ஒரு கரண்டி. இதோடை முடிஞ்சுது. கெட்டிக்காரி.” கரண்டி கோப்பையில் நேர்மையாகக் கிணுங்கியது. ஊற்றுகிற சத்தம் இல்லை, மறைக்கிற சத்தம் இல்லை. காலடிகள் குசினிப் பக்கம் போயின. அவளைச் சந்தேகித்ததற்காக அவர் தன்னையே வைதுகொண்டு எழும்பப் பார்த்தார்.

அப்போது கட்டில் கிரீச்சிட்டது. முழங்கையை ஊன்றி உடம்பைத் தூக்குகிற சத்தம். பல்லுக்குள் நசுக்கிய ஒரு அலறல். யன்னல் பக்கம் திரும்புவதற்கு அந்தக் கால் என்ன விலை கேட்கும் என்று அவருக்குத் தெரியும். அடுத்த கணம், வெதுவெதுப்பாக ஏதோ அவருடைய பிடரியில் விழுந்து முதுகால் வழிந்தது. கையால் தொட்டுப் பார்த்தார். பால்.

அவர் உள்ளே போனபோது நகுலா மறுபடியும் மல்லாந்து கிடந்தாள். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. தகப்பனின் தோளில் வழிந்திருந்த பாலைக் கண்டதும் கண்கள் விரிந்தன.

“அம்மாட்டைச் சொல்லாதேங்கோ அப்பா.”

“சொல்லமாட்டன். ஏன் பிள்ளை துப்பினனி?”

நகுலா போர்வை விளிம்பை விரலில் சுற்றினாள்.

“கைக்குதோ?”

“கைப்பாலை இல்லை.” அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அப்பப்பாவுக்கும் உப்பிடித்தானே கரண்டியாலை பால் விட்டனீங்கள்.”

பஞ்சலிங்கம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் அவருடைய தகப்பன் கதிரவேலு இதே அறையில்தான் கிடந்தார். சேடம் இழுக்கத் தொடங்கியதும், வழக்கப்படி இனசனம் எல்லாரும் வரிசையாக வந்து பால் பருக்கினார்கள். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், ஆளுக்கு ஒரு கரண்டி. ஏழு வயது நகுலாவின் கையையும் குணலட்சுமி பிடித்துக் கரண்டியைக் கிழவனின் வாயில் வைத்தாள். அந்தப் பால் கடைவாயால் வழிந்தது. மூச்சும் அதோடு நின்றது. பெண்கள் தலையை விரித்துக்கொண்டு அழத் தொடங்கினார்கள். சாகப்போகிறார் என்பதால் பால் விட்டோம் என்று பிள்ளைக்கு ஒருவரும் சொல்லவில்லை. பால் விட்டதால் செத்தார் என்று அவள் விளங்கிக்கொண்டாள். விளங்கினதை இவ்வளவு காலமும் ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்.

“அது வேறை பால் மேனை” என்றார்.

“அதுவும் ஆட்டுப்பால்தான். சீனியும் போட்டவை.” பிறகு, “ஆழ்வாப்பிள்ளை மாமா சொன்னதும் எனக்குக் கேட்டது” என்றாள்.

“எங்களிட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?”

“கேட்டா இல்லை எண்டுதான் சொல்லுவியள். கால் மாறும் எண்டும் சொன்னனீங்கள்தானே.”

அவர் தோளில் வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டார். நோவை நிறுத்த வந்த மருந்தை, நோவைத் தின்றுகொண்டு, நேரம் தவறாமல் துப்பியிருக்கிறாள் பிள்ளை. உயிரோடு இருப்பதற்காக.

மிஸியின் சைக்கிள் மணி கேட்டதும் பஞ்சலிங்கம் படலைக்கே ஓடிவிட்டார். நடந்ததைச் சொன்னார். மிஸி சைக்கிளை வேலியில் சாத்த மறந்து பிடித்தபடியே நின்றார்.

“பால். கரண்டி” என்றார், தனக்குள்ளே. “வயசு அறுபதாச்சு. எத்தினை சாவீட்டிலை நிண்டு இதைப் பாத்திருக்கிறன். கைப்புக்குப் பால் நல்லது எண்டதுக்கு மேலை எனக்கு ஒண்டும் ஓடேல்லையே.”

“எங்களுக்கும் ஓடேல்லை மிஸி. நாங்கள்தானே விட்டது.”

மிஸி சைக்கிளை வேலியில் சாத்தினார். பிறகு பஞ்சலிங்கம் அவ்வளவு நாளும் வயிற்றில் கிடந்ததை எடுத்துப் போட்டார். “மிஸி, ஒளிக்காமல் சொல்லுங்கோ. உது பிள்ளையை முடிச்சு விடுற மருந்தோ?”

“இல்லை.”

“நித்திரை கொண்டா எழும்புமோ?”

“எழும்பும்.”

பொய் சொல்கிறவர்கள் பதிலோடு ஒரு காரணமும் கட்டித் தருவார்கள் என்பது பஞ்சலிங்கத்தின் கணிப்பு. மிஸி ஒன்றும் கட்டவில்லை. முகத்தை மட்டும் காட்டிக்கொண்டு நின்றார். பஞ்சலிங்கம் முழுக்க நம்பவில்லை. ஆனால் படலையைத் திறந்துவிட்டார்.

உள்ளே, குணலட்சுமியிடமும் மிஸி விசயத்தைச் சொன்ன பிறகு, பாலும் கரண்டியும் இல்லாமல், மருந்து ஒரு சின்னக் கிளாசின் அடியில் ஊற்றப்பட்டது. நகுலா அதைப் பார்த்தாள். மிஸியைப் பார்த்தாள்.

“நீங்கள் முதல் குடியுங்கோ மிஸி.”

“மாட்டன்” என்றார் மிஸி.

அறை சட்டென்று குளிர்ந்ததுபோல் இருந்தது. கதவடியில் நின்ற குணலட்சுமி நிமிர்ந்தாள். பஞ்சலிங்கத்துக்குக் காது அடைத்தது. ஆழ்வாப்பிள்ளையின் குரல் அந்த அடைப்புக்குள் தெளிவாகக் கேட்டது.

“ஏன் மாட்டியள்?” என்று கேட்டவள் குணலட்சுமி.

“எனக்கு நோ இல்லை, தங்கச்சி. நான் குடிக்கிற ஒவ்வொரு சொட்டும் நோகிற ஒரு பிள்ளைக்கு இல்லாமல் போகும்.”

“நல்ல சாட்டு!”

“சாட்டுத்தான். வேறை சாட்டு என்னட்டை இல்லை.”

“எனக்கு விடுங்கோ” என்று பஞ்சலிங்கம் கையை நீட்டினார். மிஸி மனமில்லாமல், மூடியில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். அவர் மகளைப் பார்த்துக்கொண்டு குடித்தார். முகம் கோணிக்கொண்டு போனது. நகுலா அவரை நெடுநேரம் கண் வெட்டாமல் கவனித்தாள். அவர் சாகிறாரா என்று பார்க்கிறாள் என்பது எல்லாருக்கும் விளங்கியது. வெளியே ஆடு கத்தியது. அவர் சாகவில்லை.

“நீங்கள் பெரிய ஆள்” என்றாள் கடைசியில். “உங்களுக்குச் சாக உந்தளவு காணாது.”

மிஸிக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. “தகப்பனை உரிச்சு வைச்சிருக்கு” என்றார். சிரித்து முடித்ததும் பஞ்சலிங்கத்தின் பக்கம் திரும்பி, குரலை மாற்றிச் சொன்னார். “மருந்தைக் காட்டி நம்பவைக்கேலாது தம்பி. நீங்கள் அவவுக்குச் சொன்ன ஒண்டு பொய்யாக் கிடக்கு. அது கிடக்குமட்டும் மற்றதொண்டும் இறங்காது.”

குணலட்சுமிக்குப் புரிந்துவிட்டது. “வேண்டாம்! பச்சைப் பிள்ளைக்கு முன்னாலை உந்தக் கதை எடுக்கிறதோ? இஞ்சருங்கோ, வேண்டாம்.”

பஞ்சலிங்கம் கட்டில் விளிம்பில், காலில் படாமல் இருந்தார். பிள்ளையின் கையை எடுத்தார். என்ன சொல்வது என்று அவர் யோசித்து வைத்திருக்கவில்லை.

“நகுலா, கால் மாறாது.”

“ஐயோ!” குணலட்சுமி சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

“டொக்ரர் எப்பவோ சொல்லிட்டார். நாங்கள்தான் பொய் சொன்னனாங்கள்.”

“எனக்குத் தெரியும்.” பிள்ளையின் குரலில் அதிர்ச்சி இல்லை. தெரிந்த கணக்குக்குத் தெரிந்த விடை வந்ததுபோல் இருந்தது. “நான் செத்துப்போவனோ?”

அவர் மிஸியைப் பார்த்தார். மிஸி உதவிக்கு வரவில்லை.

“ஓம் மேனை.”

“இண்டைக்கோ?”

“இண்டைக்கில்லை.”

“உந்த மருந்தாலையோ?”

“இல்லை. வருத்தத்தாலை. மருந்து நோகாமல் இருக்கிறதுக்கு.”

அவள் கிளாசின் அடியில் இருந்த மருந்தைப் பார்த்தாள். “அப்ப அப்பப்பாவும் பாலாலை இல்லையோ?”

“இல்லை. அவர் போகப்போறார் எண்டு தெரிஞ்சுதான் பால் விட்டனாங்கள். நீ விட்டதாலை இல்லை. நீ விடாட்டியும் அவர் போயிருப்பார்.”

“நான் அவரைச் சாக்காட்டேல்லை.”

“இல்லையடா குஞ்சு.”

தான் சாகப்போவதைக் கேட்டபோது அழாதவள், இதைக் கேட்டதும் அழுதாள். அழுதால் நெஞ்சு குலுங்கிக் கால் நோகும் என்பதால் அசையாமல், கண்ணால் மட்டும் அழுதாள். பிறகு கையை நீட்டினாள்.

“தாங்கோ.”

ஒரே மடக்கில் குடித்தாள். “ச்சீ!” என்றாள். கேட்காமலே வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள். பஞ்சலிங்கம் குனிந்து நாக்கின் அடியையும் பார்த்தார். பார்க்காமல் விட அவரால் முடியாது. அவளும் அதைப் பிழையாக எடுக்கவில்லை.

முனகல் நிற்க நேரம் எடுத்தது. முதலில் இடைவெளி விட்டது. பிறகு அந்த இடைவெளிகள் நீண்டன. பிறகு வீட்டில் அது இல்லாமல் போயிற்று. இல்லாமல் போனதும் வீடு முழுக்க ஏதோ பிழை நடந்துவிட்டதுபோல் பஞ்சலிங்கம் எழும்பி நின்றார். பிள்ளை நித்திரை. வாய் சற்றுத் திறந்திருந்தது.

“இவ்வளவு நாள் நித்திரை பாக்கி இருக்கு. இப்ப எழும்பமாட்டா. எழும்பினாச் சாப்பிடக் குடுங்கோ” என்று சொல்லிவிட்டு மிஸி, இருட்ட முன்னர் உடுவிலுக்குப் போகவேண்டும் என்று கிளம்பினார். படலை சாத்துகிற சத்தம் கேட்டதும் பஞ்சலிங்கம் யன்னலால் எட்டிப் பார்த்தார். போய்விட்டாளே! வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டாளா?

அவர் பிள்ளையின் மூக்கடியில் புறங்கையை வைத்தார். மூச்சு வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் வைத்தார். தான் குடித்த சொட்டு மருந்தில் அவருக்கே கண் சொக்கியது. தன்னைத் தானே கிள்ளிக்கொண்டார். பின்னேரம் பலாலி ஆமி முகாம் பக்கமிருந்து விமானம் ஒன்று இரைந்துகொண்டு மேலால் போனது. அயலில் எல்லாரும் பங்கருக்கு ஓடுகிற சத்தம் கேட்டது. அவரும் குணலட்சுமியும் கட்டிலுக்குக் கீழே போகக்கூட மறந்து, நகுலாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முழிக்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்று இருவருக்கும் தெரியவில்லை. பிள்ளைக்கு உண்மையைச் சொன்னதில் இருந்து குணலட்சுமி அவரோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு நகுலா கண்ணைத் திறந்தாள். கூரையைப் பார்த்தாள். தகப்பனைப் பார்த்தாள்.

“பசிக்குது” என்றாள்.

குணலட்சுமி குசினிக்கு ஓடிய ஓட்டத்தில் வாசல் நிலையில் தோள் இடிபட்டது.

நகுலா வலு அவதானமாகக் காலை ஒரு விரல்கட்டை அளவு அசைத்துப் பார்த்தாள். நின்றாள். இன்னும் கொஞ்சம் அசைத்தாள். முகத்தில் ஆச்சரியம் வந்தது.

“நோகுதோ?”

“நோகுது. ஆனா தூரத்திலை நோகுது.” அவள் அதைச் சரிபார்ப்பதுபோல் இன்னொருதரம் அசைத்தாள். “அப்பா.”

“என்ன மேனை?”

“இனிப் பொய் சொல்லக்கூடாது. சாவு கிட்ட வந்திட்டுது எண்டு தெரிஞ்சாச் சொல்லவேணும்.”

பஞ்சலிங்கம் தன் சீவியத்தில் ஒருவருக்கும் நிபந்தனை வைக்காமல் வாக்குக் கொடுத்தவரில்லை. வாழைக்குலை வியாபாரியிடம் என்றால், பார்ப்போம் என்று சொல்லியிருப்பார்.

“சொல்லுவன்” என்றார்.

“அம்மாவும்.”

குணலட்சுமி சோற்றுக் கோப்பையோடு வந்து நின்றாள். கேட்டுவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. கட்டிலோரம் இருந்து, பருப்பும் சோறும் பிசைந்து, சின்ன உருண்டை ஒன்று உருட்டி மகளின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

“முதல் சாப்பிடு. ஆறப்போகுது.”

“நீங்கள் இன்னும் சொல்லேல்லை அம்மா.”

“சாப்பிடு குஞ்சு.”

நகுலா உதடுகளை இறுக்க மூடிக்கொண்டாள். உருண்டை உதட்டில் இடிபட்டது. சோற்றுப் பருக்கை ஒன்று போர்வையில் விழுந்தது. குணலட்சுமி கணவனைப் பார்த்தாள், கொன்றுவிடுவதுபோல. அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளை அவசரப்படவில்லை. பசியோடு, தாயின் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

“சொல்லுவன்” என்றாள் குணலட்சுமி. சத்தம் வரவில்லை. இன்னொருதரம் சொன்னாள்.

அதன் பிறகுதான் நகுலா வாயைத் திறந்தாள்.